உங்கள் வாலட்டில் எவ்வளவு இருக்கிறது என்று அடுத்தவருக்கு ஏன் தெரிய வேண்டும்? (கிரிப்டோ கேள்வி-பதில்)

சில மாதங்களாகச் சேர்ந்துகிடந்த கேள்விகளில் கிரிப்டோவில் அந்தரங்கத்தைக் காப்பது என்ற ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அரசாங்கத்துக்குத் தெரியாமல் பணத்தை எப்படி நகர்த்துவது என்று கேட்டவர்களுக்கு இதில் பதில் கிடையாது.

பிட்காயினில் பெயரே கிடையாது என்கிறார்களே, அப்புறம் எப்படி ஆட்களைக் கண்டுபிடிக்கிறார்கள்?

பெயர் இல்லைதான், ஆனால் மற்ற எல்லாமே இருக்கிறது. 2009 ஜனவரியில் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து எந்த முகவரியிலிருந்து (கணக்கு எண் மாதிரியான எழுத்துத் தொடர்) எந்த முகவரிக்கு எவ்வளவு போனது என்பது அப்படியே பதிவாகி யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடக்கிறது, யாராலும் அதை அழிக்க முடியாது. ஒரே ஒரு முகவரியோடு உங்கள் பெயர் ஒட்டிக்கொண்டால் போதும், அங்கிருந்து முன்னும் பின்னும் நூல் பிடித்துப் போய்விடலாம். பிட்ஃபைனெக்ஸ் எக்ஸ்சேஞ்சில் (எக்ஸ்சேஞ்ச் என்பது காயின் வாங்க விற்க உதவும் நிறுவனம்) 2016-ல் திருடுபோன காயின்களில் பெரும்பகுதியை அமெரிக்க அதிகாரிகள் 2022-ல் பறிமுதல் செய்தார்கள். ஆறு வருடம் கழித்தும் தடம் அழியவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தப் பெயர் ஒட்டும் இடம் பெரும்பாலும் நீங்கள் கே.ஒய்.சி. (அடையாள ஆவணங்கள்) கொடுத்த எக்ஸ்சேஞ்ச்தான், இல்லையென்றால் "எனக்கு இங்கே அனுப்புங்கள்" என்று நீங்களே ட்விட்டரில் போட்ட முகவரி.

தெரிந்தவர் ஒருவருக்கு 0.002 பிட்காயின் அனுப்பினேன். அடுத்த நாளே "உன்கிட்ட நிறைய இருக்கு போலிருக்கே" என்கிறார். எப்படித் தெரிந்தது?

அவர் எந்த வித்தையும் செய்யவில்லை, பரிமாற்றத்தை, அந்தப் பொதுப் பதிவைக் காட்டும் ஒரு எக்ஸ்ப்ளோரர் தளத்தில் திறந்து பார்த்திருப்பார், அவ்வளவுதான். பிட்காயின் வாலட்டில் (காயினை வைத்து அனுப்ப உதவும் செயலி) இருப்பது ஒற்றை இருப்புத்தொகை கிடையாது, வந்த தொகைகள் தனித்தனித் துண்டுகளாக இருக்கும். ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்து இருபது ரூபாய்க்குச் சாமான் வாங்குகிற மாதிரி, உங்களிடம் 0.05 துண்டு ஒன்றுதான் இருந்தால் அது முழுவதும் செலவாகி, 0.002 அவருக்கும், கட்டணம் போக 0.048-க்குச் சற்றுக் குறைவான மீதி உங்களுடைய வேறொரு புது முகவரிக்கும் போகும். திரையில் இரண்டு வரி தெரிகிறது, ஒன்று அவருடையது, அப்படியானால் இன்னொன்று யாருடையது என்று ஊகிக்க அறிவாளியாக இருக்க வேண்டியதில்லை. அந்த மீதியை நீங்கள் அடுத்த வாரம் எங்கே செலவழித்தாலும் அவர் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இதைவிட மோசமானது, பல துண்டுகளைச் சேர்த்து ஒரே பரிமாற்றமாக அனுப்புவது. சேர்ந்து செலவான முகவரிகள் எல்லாம் ஒரே ஆளுடையவை என்பதுதான் தடம் பார்க்கிற நிறுவனங்களின் முதல் ஊகம், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கிறது. அதனால் எந்தத் துண்டைச் செலவழிப்பது என்று நீங்களே தேர்ந்தெடுக்கிற வசதி உள்ள வாலட் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பாரோ, எலெக்ட்ரம் இரண்டிலும் உண்டு. வரும் ஒவ்வொரு துண்டுக்கும் "சம்பளம்", "நண்பர் திருப்பித் தந்தது" என்று லேபிள் போடுங்கள். ஆறு மாதம் கழித்து எது எங்கிருந்து வந்தது என்று சத்தியமாக நினைவிருக்காது.

சேமிப்பும் செலவும் ஒரே வாலட்டில் வேண்டாம். ஆனால் சேமிப்பு வாலட்டிலிருந்து செலவு வாலட்டுக்கு நீங்களே மாற்றினால் இரண்டுக்கும் நடுவே கோடு விழுந்துவிடும். எக்ஸ்சேஞ்சிலிருந்து நேராகச் செலவு வாலட்டுக்குச் சின்னத் தொகையாக எடுப்பது நல்லது. எக்ஸ்சேஞ்சுக்கு நீங்கள் யார் என்று தெரியும், பணம் வாங்குகிறவருக்கோ எக்ஸ்சேஞ்சின் பொதுக் குவியலிலிருந்து ஏதோ வந்தது என்பது மட்டும்தான் தெரியும்.

ஃப்ரீலான்ஸ் வேலைக்கு மூன்று கிளையன்ட்கள் யு.எஸ்.டி.டி. (டாலர் மதிப்போடு கட்டிய காயின்) அனுப்புகிறார்கள். ஒரே முகவரிதான் கொடுத்திருக்கிறேன். பரவாயில்லையா?

யார் எவ்வளவு தருகிறார் என்பது மூவருக்குமே தெரியும். குறைந்த ரேட்டில் இருப்பவர் பார்த்தால் சந்தோஷப்படுவார், அதிகம் கொடுப்பவர் பார்த்தால் அடுத்த மாதம் பேரம் பேசுவார்.

யு.எஸ்.டி.டி. ஓடுகிற எத்தீரியம், ட்ரான் ஆகிய இரண்டு நெட்வொர்க்கிலும் மீதி முகவரி என்பதே கிடையாது, ஒரு முகவரி ஒரு கணக்கு, இருப்பு அப்படியே வெளியே தெரியும். கிளையன்டுக்கு ஒரு தனிக் கணக்கு உருவாக்கிக் கொடுங்கள், எந்த வாலட்டிலும் ஒரு நிமிட வேலை. இதற்குப் பிறகுதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். புதுக் கணக்கிலிருந்து யு.எஸ்.டி.டி. வெளியே போக வேண்டுமானால் கட்டணத்துக்குக் கொஞ்சம் எத்தீரியத்தின் காயினான ஈத்தரோ ட்ரான் காயினோ வேண்டும், அதைப் பழைய முகவரியிலிருந்து அனுப்பினால் பிரித்துவைத்தது வீண். அதையும் எக்ஸ்சேஞ்சிலிருந்தே எடுங்கள். கடைசியாக மூன்று கணக்கிலிருந்தும் எக்ஸ்சேஞ்சில் உங்களுக்குக் கொடுத்திருக்கும் அதே டெபாசிட் முகவரிக்கு அனுப்பும்போது மூன்றும் அங்கே வந்து முட்டிக்கொள்ளும். புது டெபாசிட் முகவரி உருவாக்க அந்த எக்ஸ்சேஞ்ச் விடுகிறதா என்று பாருங்கள், விடவில்லை என்றால் பாதிப் பாதுகாப்போடு திருப்திப்பட வேண்டியதுதான். தேடிப் பார்க்க நினைக்கும் கிளையன்ட் கண்டுபிடிப்பார், சும்மா எட்டிப்பார்ப்பவருக்குத் தெரியாது.

வி.பி.என். போட்டுக்கொண்டு அனுப்பினால் போதுமா?

போதாது. வி.பி.என். உங்கள் ஐ.பி.யை (உங்கள் இணைய இணைப்பின் எண்) மறைக்கும், அவ்வளவுதான், பொதுப் பதிவேட்டில் இருப்பது அப்படியே இருக்கும். ஐ.பி. விஷயம் முக்கியமில்லை என்றும் சொல்லமாட்டேன். மெட்டாமாஸ்க் போன்ற வாலட்டுகள் பரிமாற்றத்தை யாரோ ஒருவருடைய சர்வர் வழியாகத்தான் அனுப்புகின்றன. 2022 நவம்பரில் அதன் நிறுவனமான கான்சென்சிஸ், தன் இன்ஃப்யூரா சர்வர் சேவை வழியே அனுப்பினால் ஐ.பி.யும் வாலட் முகவரியும் பதிவாகும் என்று கொள்கைக் குறிப்பில் எழுதியபோது பெரிய சலசலப்பு. எலெக்ட்ரமும் இயல்பாகப் பொது சர்வர்களிடம்தான் உங்கள் முகவரிகளைக் கொடுத்து இருப்பு கேட்கிறது. பிட்காயினுக்குச் சொந்தமாக நோடு (முழுப் பதிவேட்டையும் உங்கள் கணினியிலேயே சரிபார்க்கும் மென்பொருள்) ஓட்டினால் இந்தச் சிக்கல் தீர்ந்தது, அதை டார் (ஐ.பி.யை மறைக்கும் வலைப்பின்னல்) வழியாகவும் ஓட்டலாம். முடியாதவர்கள் டார் வசதி உள்ள வாலட்டையாவது பயன்படுத்துங்கள்.

மிக்சரில் (பலரின் காயின்களைக் கலந்து தடத்தைக் குழப்பும் சேவை) போட்டு எடுக்கலாமா?

உங்கள் தேவைக்கு வேண்டாம் என்பேன். டொர்னேடோ கேஷ் என்ற மிக்சரை 2022 ஆகஸ்டில் அமெரிக்கா தடைப்பட்டியலில் சேர்த்தது, நீதிமன்றத்தில் தோற்ற பிறகு 2025 மார்ச்சில் எடுத்தது. மிக்சர் வசதி கொண்ட சாமுராய் வாலட்டை உருவாக்கியவர்கள் 2024 ஏப்ரலில் கைதாகி அடுத்த வருடம் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அந்தரங்கத்துக்காக மென்பொருள் எழுதுவது குற்றமா என்ற விவாதத்தில், அதை எழுதியவர்கள் பக்கம் சாய்பவன்தான் நான். ஆனால் மிக்சர் வழியே வந்த காயினை உங்கள் எக்ஸ்சேஞ்ச் நிறுத்திவைத்து விளக்கம் கேட்டால், அந்த வாதம் உங்கள் பணத்தை விடுவிக்காது.

மோனேரோ?

வடிவமைப்பிலேயே அந்தரங்கம் உள்ள வேறொரு காயின் அது. அனுப்புபவரை 15 பொய்த் தடங்களுக்கு நடுவே கலக்கும், பெறுபவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு தடவை மட்டும் பயன்படும் புது முகவரி, தொகையும் மறைவு. பைனான்ஸ் எக்ஸ்சேஞ்ச் 2024 பிப்ரவரியில் அதை நீக்கிவிட்டது, வாங்குவதும் விற்பதும் வர வரக் கடினம். பிட்காயினை மோனேரோவாக மாற்றி அரை மணி நேரத்தில் அதே அளவு திரும்ப எடுத்தால் நேரமும் தொகையும் காட்டிக்கொடுத்துவிடும்.

இதையெல்லாம் செய்தால் வருமான வரிக்கும் தெரியாதல்லவா?

தெரியும். இந்தியாவில் 2022 ஏப்ரலிலிருந்து லாபத்துக்கு 30 சதவீத வரி, அதே ஜூலையிலிருந்து 1 சதவீத டி.டி.எஸ்., 2023 மார்ச்சிலிருந்து எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள். உங்கள் பான் எண்ணோடு அவர்களிடம் எல்லாம் இருக்கிறது. லேபிள் போட்டு வைத்திருந்தால் ஆடிட்டரிடம் கொடுக்கவும் சுலபம்.

தெரியாத முகவரியிலிருந்து 0 தொகை வந்திருக்கிறது. தொடலாமா?

தொடாதீர்கள், பழைய பட்டியலிலிருந்து முகவரியைக் காப்பி செய்யவும் செய்யாதீர்கள். நீங்கள் அடிக்கடி அனுப்பும் முகவரியின் முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கு எழுத்தும் பொருந்துகிற மாதிரி ஒன்றை உருவாக்கி, உங்கள் பட்டியலில் மேலே உட்கார வைப்பதற்குத்தான் அது. 2024 மே மாதம் ஒருவர் இப்படி ஏமாந்து 1,155 ரேப்டு பிட்காயினை (எத்தீரியத்தில் ஓடும் பிட்காயின் வடிவம்) அனுப்பிவிட்டார், அன்றைய மதிப்பில் சுமார் 6.8 கோடி டாலர். அவருக்குப் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது, எல்லோருக்கும் அப்படி அமையாது. நடு எழுத்துகளையும் சேர்த்துப் பாருங்கள்.

ஹார்டுவேர் வாலட் (காயினின் ரகசியச் சாவியை வைத்திருக்கும் சின்னக் கருவி) வாங்கினால் வீட்டு முகவரி கொடுக்க வேண்டியிருக்கிறதே?

நியாயமான பயம். இந்தக் கருவியை விற்கும் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரம் 2020-ல் கசிந்து, சுமார் 2,72,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, போன் எண் எல்லாம் டிசம்பரில் இணையத்தில் கொட்டப்பட்டது. கருவி பாதுகாப்பாகத்தான் இருந்தது, யார் வீட்டில் கருவி இருக்கிறது என்பதுதான் வெளியே போனது. அலுவலக முகவரிக்கு வரவழையுங்கள், இதற்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் பெட்டியைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் போடாதீர்கள்.