ஆறு கிலோ போதுமா?

கேள்வி: இது எனக்கு முதல் கர்ப்பம், 28 வாரம் முடிந்துவிட்டது. உயரம் 155 செ.மீ. கருத்தரிக்கும் முன் 62 கிலோ இருந்தேன், இப்போது 68 கிலோ. ஆறு கிலோதான் கூடியிருக்கிறது, குழந்தை எடை குறைவாகப் பிறந்துவிடும் என்று என் மாமியார் பயப்படுகிறார். இரண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடச் சொல்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: எத்தனை கிலோ கூட வேண்டும் என்பது, கருத்தரிக்கும்போது நீங்கள் எத்தனை கிலோ இருந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. நீங்கள் தந்துள்ள உயரத்துக்கும் எடைக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) ஏறத்தாழ 25.8 வருகிறது. 2009-இல் அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் (Institute of Medicine) வெளியிட்டு, இன்றும் பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகளின்படி, 18.5-க்குக் கீழே உள்ளவர்களுக்குப் பேறுகாலம் முழுவதற்கும் 12.5 முதல் 18 கிலோ வரையும், 25-க்கும் 30-க்கும் இடையில் உள்ள உங்களைப் போன்றவர்களுக்கு 7 முதல் 11.5 கிலோ வரையும் கூடினால் போதும். ஆகவே 28 வாரத்தில் ஆறு கிலோ என்பது குறைவே அல்ல. இனி வாரத்துக்குக் கால் கிலோவை ஒட்டி ஏறினால் சரியாக இருக்கும்.

கூடுகிற எடை முழுவதும் குழந்தையும் அல்ல. நிறைமாதத்தில் குழந்தை மூன்று கிலோவை ஒட்டி இருக்கும்போது, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், பெருத்த கருப்பை, கூடுதலாக ஊறிய இரத்தம், பாலூட்டுவதற்காக உடல் சேர்த்து வைக்கும் கொழுப்பு ஆகியவை மீதி எடையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. தாயின் எடை மிகக் குறைவாக ஏறினால் குழந்தை சிறுத்துப் பிறக்கும் வாய்ப்பு கூடும் என்பது உண்மை; அந்த அளவில் உங்கள் மாமியாரின் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2.5 கிலோவுக்குக் கீழே குழந்தை பிறப்பதற்குக் குறைப்பிரசவம், இரத்தசோகை, உயர் இரத்த அழுத்தம், நஞ்சுக்கொடியின் கோளாறு என வேறு காரணங்களும் உண்டு. தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி போடுவதால் அவை தீர்ந்துவிடுவதில்லை. அளவுக்கு மீறி எடை ஏறினாலோ, குழந்தை நான்கு கிலோவைத் தாண்டிப் பிரசவம் கடினமாகக்கூடும்.

எனவே தராசைவிடக் குழந்தையின் வளர்ச்சியைக் கவனியுங்கள். பரிசோதனையின்போது மருத்துவர் அடிவயிற்று எலும்பிலிருந்து கருப்பையின் உச்சி வரை நாடாவால் அளப்பார். சென்டிமீட்டரில் வரும் அந்த அளவு, இந்தக் கட்டத்தில் வார எண்ணிக்கையை ஒட்டியே இருக்க வேண்டும். ஸ்கேனில் சொல்லும் எடை ஒரு மதிப்பீடுதான், பத்து சதவீதம் முன்பின் இருக்கலாம். ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறி, முகமும் கைகளும் வீங்கி, தலைவலியோ கண்மங்கலோ இருந்தால், அடுத்த பரிசோதனை நாளுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.