கொடுமைக்காரக் கணவன் இல்லாத கதையில் சிறை எங்கே இருக்கிறது?

அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1892இல் வெளியிட்ட 'மஞ்சள் சுவர்த்தாள்' கதையை வாசித்த நீங்கள், "கணவன் அடிக்கவில்லை, திட்டவில்லை, மனைவியைத் தாங்குகிறான், பிறகு ஏன் இதைத் திருமணச் சிறை பற்றிய கதை என்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவனுடைய அன்பைச் சந்தேகிக்கத் தேவையில்லை என்பதே என் பதில். அந்த அன்பின் பேரில் யார் யாருக்காக முடிவெடுக்கிறார்கள் என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

பிள்ளை பெற்றபின் மனம் சோர்ந்திருக்கும் அவள், ரோஜாக் கொடிகள் படர்ந்த கீழ்த்தள அறையைக் கேட்கிறாள். மருத்துவனான கணவன் மாடி அறையைத் தேர்ந்தெடுக்கிறான். சன்னலுக்குக் கம்பி, தரையோடு ஆணி அறைந்த கட்டில். முன்பு குழந்தைகள் இருந்த அறை போலும் என்று அவளே அதற்குக் காரணமும் சொல்லிக்கொள்கிறாள். அவளுடைய விளக்கத்தை நாம் நம்பத் தயங்கும் அந்த இடத்தில்தான் வாசிப்பு தொடங்குகிறது. அவன் வரும் சத்தம் கேட்டதும் எழுதிக்கொண்டிருந்ததை ஒளித்து வைக்கிறாள். குறை சொல்ல வாயெடுத்தால் அவன் கொஞ்சலும் அறிவுரையுமாகப் பேச்சை முடித்துவிடுகிறான். அவள் தொடங்கி அவன் முடித்துவைக்கும் பேச்சுகளைப் பென்சிலால் கோடிட்டுக்கொண்டே வாருங்கள். சிறையின் வரைபடம் உங்கள் கையில் இருக்கும். 1887இல் கில்மனுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர், இனி பேனாவையே தொடக் கூடாது என்று அவரிடம் சொல்லியனுப்பினார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கதையில் எழுத்து ஏன் திருட்டுத்தனமாக நடக்கிறது என்பது விளங்கும்.

தக்கலைப் பக்கம் நாங்கள் சில பெண்கள் கூடிக் கதை வாசிப்பதுண்டு. இந்தக் கதையைப் பேசியபோது, முதுகலையும் பி.எட்.டும் முடித்த ஓர் அக்கா சொன்னார்: "அவிய ஒண்ணும் தடுக்க மாட்டாவ, நாம கேட்டாத்தான் வேண்டாம்னு சொல்லுவாவ." எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டோடு தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் பெற்ற கன்னியாகுமரி மாவட்டம் இது. ஆனாலும் அந்த அக்காவின் சான்றிதழ்கள் பீரோவில் நகைப்பெட்டிக்கு அடியில்தான் இருக்கின்றன. கில்மனைப் புரிந்துகொள்ள அமெரிக்காவரை போக வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

எழுத்தாளர் அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' சிறுகதை இதே வாசிப்பைச் சுவருக்குப் பதிலாகத் தண்ணீர்க் குழாயிலிருந்து தொடங்கச் சொல்கிறது. ராஜஸ்தானத்துப் பெரிய வீடு. அதன் மூலையில் ஒட்டவைத்ததுபோல் அடுக்களை. குழாயைத் திறந்தால் நிற்பவளின் காலடியில் தண்ணீர் தேங்கும், ஈரத்திலேயே நின்று பாதம் வெடிக்கும். மருமகள் மீனாட்சி, தொட்டியைப் பெரிதாக்கலாம், மலையை மறைக்கும் துணிக்கொடியை இடம் மாற்றலாம் என்கிறாள். இத்தனை சிறிய கோரிக்கைக்கு அந்த வீடு எப்படிப் பதில் சொல்கிறது என்று பாருங்கள். வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

கில்மன் கதையின் முடிவை வெற்றி என்றும் தோல்வி என்றும் வாதிடுபவர்கள் உண்டு. அறையின் மஞ்சள் சுவர்த்தாளுக்குப் பின்னால் ஒரு பெண் அடைபட்டிருப்பதாகக் கதைநாயகிக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் அந்தத் தாளைக் கிழித்து, தானே அந்தப் பெண் என்பதுபோல், "வெளியே வந்துவிட்டேன்" என்கிறாள். மயங்கி விழுந்த கணவன் மேல் ஏறி ஊர்கிறாள். ஆனால் அவள் உடலில் கயிறு இருக்கிறது, அறையைவிட்டு அவள் வெளியேறவும் இல்லை. எழுந்து நடக்காமல் ஊர்கிறாள் என்பதை மறந்துவிட்டு இதை விடுதலை என்று கொண்டாடும் கட்டுரைகள் எனக்கு உவப்பாக இல்லை. பைத்தியம் பிடித்துவிட்டது, அவ்வளவுதான் என்று மூடிவைப்பது அந்த மருத்துவக் கணவனின் வாசிப்பே.

ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். பெண்ணை அடைத்துவைப்பது என்றாலே திருமணம் என்று வாய்பாடாக்கிக்கொண்டால் எங்கள் மண்ணின் கதை தப்பிவிடும். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) நாவல்தான், சிறுகதை அன்று. ஆயினும் அதில் லிஸி பெரியவளானதுமே பள்ளிப் படிப்பு நின்று வீட்டுக்குள் வைக்கப்படுகிறாள். அவளை அடைப்பது பிறந்த வீடு. பனையேறுபவரின் மகனான தங்கராஜை அவளாக விரும்பி மணப்பதே அவளுக்கு வெளியே வரும் வழி. ஆகவே எந்தக் கதையிலும், கதவு எந்த வயதில், யார் கையால் சாத்தப்பட்டது என்று முதலில் கேளுங்கள். கணவனை விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.