தரையிலிருந்து வந்த புகை – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

டென்வரில் இருக்கிறோம். போன மாதம் கன்சாஸ் சிட்டிக்குக் காரில் போகும்போது, நீங்கள் எப்போதோ எழுதியிருந்ததை நம்பி, ஐ-70 நெடுஞ்சாலையை விட்டு விலகி கன்சாஸ் மாநிலத்தின் கிரஹாம் கவுண்டியில் உள்ள நிக்கோடிமஸ் என்ற சிற்றூருக்குப் போனோம். ஐந்து பழைய கட்டடங்கள், சில பூட்டியிருந்தன. சுற்றிலும் வெறும் புல். "இங்கே என்னப்பா இருக்கு?" என்று பிள்ளைகள் கேட்டார்கள், எனக்குப் பதில் தெரியவில்லை. அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம். அந்தப் பக்கம் பிள்ளைகளோடு பார்க்க வேறு என்ன இருக்கிறது?

எஸ்., டென்வர்

அன்புள்ள எஸ்.,

குட்லாந்து என்ற ஊரில் 80 அடி உயரத்துக்கு ஒரு ஓவியத் தாங்கி நிறுத்தி, ஓவியர் வான்கோவின் சூரியகாந்தியைப் பெரிதாக வரைந்து வைத்திருக்கிறார்கள். உங்கள் வழியில்தான், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மற்றதைச் செல்போனே சொல்லிவிடும். பூட்டிய கட்டடம் பற்றிய குறை நியாயம்தான், அதை விடுங்கள்.

உங்கள் பிள்ளைகள் கேட்ட கேள்விதான் இரண்டு நாளாக மனதில் ஓடுகிறது. அதே கேள்வியை அதே இடத்தில் 1878இல் ஒரு பெண் கேட்டிருக்கிறார். வில்லியானா ஹிக்மன், கென்டக்கியிலிருந்து குடும்பத்தோடு வந்த கறுப்பினப் பெண். எல்லிஸ் என்ற ஊர் வரை ரயில், அப்புறம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் புல்வெளி. "அதோ நிக்கோடிமஸ்" என்று கூட வந்தவர்கள் கத்துகிறார்கள், இவர் கண்ணுக்கு ஊரே தெரியவில்லை. எங்கே என்று கணவரைக் கேட்கிறார். அவர் தரையிலிருந்து கிளம்பும் புகையைக் காட்டி, அதுதான் என்கிறார். மரமில்லாத சீமையில் மண்ணைக் குடைந்து அதற்குள் குடியிருந்தார்கள். அதைப் பார்த்து அழுதுவிட்டேன் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அழுதாலும் அங்கேயே தங்கினார்.

இதை உங்கள் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கலாமே! தரைக்குள்ளிருந்து புகை வருகிற ஊர் என்றால் எந்தப் பிள்ளை காரைவிட்டு இறங்காது? ஆனால் சொல்வதற்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அறுநூறு மைல் ஓட்டப் பொறுமை இருக்கிறது, போகிற ஊரைப் பற்றி நாலு பக்கம் படிக்க இல்லை.

'வெறும் புல்' என்று எழுதியிருக்கிறீர்கள், அதுதான் வலித்தது. 1877இல் அங்கே குடியேற வந்த கறுப்பினத்தவர்களில் பலர் அடிமைகளாக இருந்தவர்கள். முதல் குளிர்காலத்தில், வேட்டையிலிருந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் கொடுத்த உணவு அவர்களைக் காத்தது. பத்தே வருடத்தில் கடைகள், ஹோட்டல், பள்ளிக்கூடம், தேவாலயங்கள், இரண்டு செய்தித்தாள்கள். ரயிலை வரவழைக்க 1887இல் 16,000 டாலர் கடன்பத்திரத்துக்கு வாக்களித்தார்கள். ஆனால் 1888இல் ரயில் பாதை சாலமன் ஆற்றுக்குத் தெற்கே போய்விட்டது, சில மைல் தள்ளி போக் என்று ஒரு ஊர் முளைத்தது, கடைக்காரர்களும் அங்கே போய்விட்டார்கள். நீங்கள் பார்த்த புல் அதற்கப்புறம் வந்த புல், எஸ். ஊர் இருந்த இடத்தில் வளர்ந்த புல்.

நான் போனது ஒரு ஜூலைக் கடைசி. அந்த ஊர்க்காரர்களின் வாரிசுகள் வருடாவருடம் அப்போது கூடுவார்கள். பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கு 1834 ஆகஸ்ட் 1 அன்று கிடைத்த விடுதலையை நினைத்துத் தொடங்கிய விழா அது. 1939இல் கட்டிய சுண்ணாம்புக்கல் மண்டபத்து வாசலில் ஒரு பாட்டி என்னை நிறுத்தி, நீ எந்தக் குடும்பம் என்று கேட்டார். எந்தக் குடும்பமும் இல்லை, வழிப்போக்கன் என்றேன். அதனால் என்ன என்று தட்டு நிறையக் கோழியும் சோளமும் வைத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, தன் பாட்டனாரின் மண்குழி வீடு எந்த மேட்டில் இருந்தது என்று விரல் நீட்டிக் காட்டினார். அங்கே புல்தான் இருந்தது. சாப்பிடாமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த விழாவுக்கு டென்வரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், நீங்கள் வந்த அதே சாலையில். ஜூலையின் கடைசி வார இறுதி. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஊருக்குள் கடையை நம்பாதீர்கள், தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள், வெயில் பொல்லாதது. ஒரு முழு நாள் இருங்கள்.