ஹட் பேக்குக் கப்பல் டிக்கெட் யார் எடுத்துத் தருவது?

திருச்சி வாசகர்: அந்தமானில் ஹேவ்லாக், நீல் இரண்டும் பார்த்துவிட்டோம். இந்த முறை கூட்டமில்லாத தீவாக வேண்டும் என்றதும், ஏஜென்ட் ஒருவர் லிட்டில் அந்தமானுக்கு ஐந்து இரவு பேக்கேஜ் சொல்கிறார். ஆளுக்கு 38,000 ரூபாய், விமான டிக்கெட் தனி. பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுப்பதற்கு முன் ஒன்றே ஒன்று கேளுங்கள். லிட்டில் அந்தமானின் துறைமுகமான ஹட் பே போகும் கப்பல் டிக்கெட்டுக்கு யார் பொறுப்பு?

ஹேவ்லாக்குக்கும் நீலுக்கும் தனியார் சொகுசுப் படகுகள் ஓடுகின்றன. வீட்டிலிருந்தே சீட்டு எடுத்துவிட்டுக் கிளம்பலாம். ஹட் பேக்கு அரசுக் கப்பலைத்தான் நம்ப வேண்டும். போர்ட் பிளேரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, ஆறு முதல் எட்டு மணி நேரப் பயணம். அந்த டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்பே எடுத்து வைக்க முடியாது. கிளம்பும் நாளுக்குச் சில நாள் முன்னால்தான் கிடைக்கும். ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் போய்வரும் தீவு மக்களுக்கும் அதே கப்பல்தான். ஆகவே, இன்றைக்கே 'எல்லாம் கன்ஃபர்ம்' என்று ஒருவர் சொன்னால் அவர் கையில் இருப்பது அறை மட்டும்தான்.

பேக்கேஜ் தாளின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'படகு கிடைப்பதைப் பொறுத்து' என்று ஒரு வரி இருக்கும். அதன் கீழே, கப்பல் கிடைக்காவிட்டால் எவ்வளவு பணம், எத்தனை நாளில் திரும்ப வரும் என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அந்த ஆளை விட்டுவிடலாம்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஹட் பேயிலிருந்து திரும்ப வேண்டிய நாளில் கடல் கொந்தளிப்பு என்று கப்பலை நிறுத்திவிட்டார்கள். ஜெட்டியில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர், தமிழில்தான், "நாளைக்கு வரும் தம்பி, இல்லாட்டி நாளன்னைக்கு" என்றார். அவருக்கு அவசரமில்லை, எனக்கோ மறுநாள் காலை விமானம். ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். "அது கடல் சார், நாங்க என்ன பண்றது" என்றார். விமானக் காசு போனது போனதுதான். விமானத்துக்கு முன்னால் போர்ட் பிளேரில் இரண்டு நாளாவது கையிருப்பாக வையுங்கள். (2024 முதல் ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம், டிக்கெட்டில் அந்தப் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.) மே முதல் மழைக்காலம். டிசம்பரிலிருந்து ஏப்ரலுக்குள் போனால் கடல் ஓரளவு அடங்கியிருக்கும்.

சரி, இவ்வளவு பாடுபட்டுப் போக அங்கே என்ன இருக்கிறது? இடங்களைப் பெரும்பாலும் ஜெட்டியிலிருந்து இத்தனையாவது கிலோமீட்டர் என்று எண்ணால்தான் சொல்வார்கள். ஒரே பெரிய சாலை. ஓரத்தில் எண்ணெய்ப்பனைத் தோட்டம், ஓர் அருவி, பிறகு பட்லர் பே கடற்கரை. நீளமான மணல்; ஆள் நடமாட்டம் மிகக் குறைவு. அலைச்சறுக்குக்காரர்கள் தேடி வருவதும் இங்கேதான். ஓடை கடலில் சேரும் இடங்களில் மட்டும் இறங்காதீர்கள், அந்தமானின் கழிமுகங்களில் உப்புநீர் முதலை உண்டு. எச்சரிக்கைப் பலகையை அலட்சியப்படுத்த வேண்டாம். இதற்கு ஆளுக்கு 38,000 அதிகம் என்பது என் கருத்து. அறையையும் ஸ்கூட்டரையும் அங்கேயே பேசிக்கொண்டால் செலவு நன்றாகக் குறையும். வசதியான ஹோட்டலை எதிர்பார்த்தால் மட்டும் ஏமாந்துபோவீர்கள்.

இன்னொன்று. 'பழங்குடியினரைக் காட்டுகிறோம்' என்று பேக்கேஜில் இருந்தால் அங்கேயே மறுத்துவிடுங்கள். நூற்றுச் சொச்சம் பேரே மிஞ்சியிருக்கும் ஓங்கே மக்களின் பகுதி அந்தத் தீவில் இருக்கிறது. அனுமதியின்றி நுழைவது 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மாட்டிக்கொள்வது ஏஜென்ட் அல்ல, நீங்கள்.

கடல் பயணம் ஒத்துக்கொள்ளாதவர்கள் லாங் ஐலண்டைப் பார்க்கலாம். போர்ட் பிளேரிலிருந்து ரங்கத் வரை சாலை, அருகே யெரட்டா ஜெட்டியிலிருந்து சிறிய படகுப் பயணம். அங்கே காட்டுக்குள் நடந்து போனால் லாலாஜி பே கடற்கரை. ரங்கத் போகும் சாலையில் ஜாரவா பழங்குடி மக்களின் காட்டைக் கடக்க வேண்டும். வண்டிகளை வரிசையாகத்தான் விடுவார்கள். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது.

கோவை வாசகி: மினிக்காய் தீவுக்குப் போக ஆசை. 'பர்மிட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று முழுப் பணத்தையும் கேட்கிறார்கள். நம்பலாமா?

லட்சத்தீவுக்குள் நுழைய வெளியூர்க்காரர்கள் எல்லோருக்கும் அனுமதி வேண்டும், இந்தியக் குடிமக்களுக்கும்தான். அது கைக்கு வராமல் கப்பலோ விமானமோ ஏற முடியாது. எனவே பர்மிட் வந்த பிறகே பெரும்பகுதிப் பணம் என்று பேசுங்கள். மறுக்கப்பட்டால் என்ன பிடித்துக்கொள்வார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். அதற்கு முன், லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பான ஸ்போர்ட்ஸ் நடத்தும் கப்பல் பேக்கேஜ்களையும் ஒருமுறை பாருங்கள். விலையை ஒப்பிட அதுவே நல்ல அளவுகோல்.

மினிக்காயில் விமான நிலையம் இல்லை. 'அகத்தி வரை விமானம்' என்று பேக்கேஜில் போட்டிருந்தால், அங்கிருந்து மினிக்காய்க்கு எப்படிப் போவது என்று கேளுங்கள். மினிக்காய் மற்ற தீவுகளிலிருந்து விலகித் தெற்கே தொலைவில் இருக்கிறது. அங்கே மலையாளமும் அல்ல, மாலத்தீவு மொழியை ஒத்த மஹல் பேசுகிறார்கள். 1885-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்னும் நிற்கிறது. ஆசைப்பட்டது தப்பில்லை.

சென்னை வாசகர்: யாழ்ப்பாணம் போகிறோம். நெடுந்தீவுக்கு ஒருநாள் டூர் வாங்குவது லாபமா?

தேவையே இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு பஸ், அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் படகு. ஜெட்டியில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்து மிரள வேண்டாம், பாதிப்பேர் நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். பவளக்கல் வேலிகள், காட்டுக் குதிரைகள், பழைய கோட்டையின் இடிபாடு, ஒரு பெருக்கமரம் என்று ஆட்டோ பிடித்து அரை நாளில் பார்த்துவிடலாம். நிழல் குறைவு, தண்ணீர் கொண்டுபோங்கள். இறங்கியதும் முதல் வேலையாகத் திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மதுரை வாசகர்: 'கடற்கரையோர காட்டேஜ்' என்று பணம் கட்டினோம். போய்ப் பார்த்தால் கடற்கரை இரண்டு கிலோமீட்டர் தள்ளி. ஏஜென்ட் இருப்பது டெல்லியில். வழக்குப் போட டெல்லி போக வேண்டுமா?

வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து பாருங்கள், சில ஏஜென்ட்கள் அதற்கே இறங்கி வருவார்கள். விளம்பரப் படம், வாட்ஸ்அப் பேச்சு, பணம் கட்டிய ரசீது மூன்றையும் அழிக்காமல் வையுங்கள். காட்டேஜ் வாசலிலிருந்து கடற்கரை வரையுள்ள தூரத்தைக் காட்டும் மேப்பையும் அவற்றோடு சேருங்கள்.