செயலியிலிருந்து மெயில் அனுப்பும்போது 'ஃப்ரம்' இடத்தில் பயனரின் முகவரியைப் போடலாமா?

கேள்வி இதுதான்: செயலியில் ஒரு பயனர் தன் நண்பரை அழைக்கிறார். அவரே அனுப்பியது போலத் தெரியவேண்டும் என்று ஃப்ரம் இடத்தில் அவருடைய ஜிமெயில் அல்லது யாகூ முகவரியையே போட்டு, உங்கள் சர்வரிலிருந்து அனுப்புகிறீர்கள். சிலருக்கு ஸ்பாமில் விழுகிறது, சிலருக்கு வந்து சேர்வதே இல்லை. பதில் எழுதினால் பயனருக்குப் போகவேண்டும், காலண்டர் அழைப்பும் போகவேண்டும். என்ன செய்வது?

முதலில் அந்த முகவரியை அங்கிருந்து எடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

நானும் இதே தவற்றைச் செய்தவன்தான். கூட்டங்களுக்கு நேரம் குறிக்கும் ஒரு சின்னச் செயலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் ஒரு பயனர், "நான் அனுப்பவே இல்லாத மெயிலெல்லாம் எனக்குத் திரும்பி வருது. அக்கவுண்ட்டை யாராவது ஹேக் பண்ணிட்டாங்களா?" என்று பதறிப்போய் எழுதியிருந்தார். ஹேக் எதுவும் இல்லை. முந்தின நாள் அவர் ஒரு பழைய பட்டியலை ஏற்றி எல்லோரையும் அழைத்திருந்தார். அதில் பாதி முகவரிகள் செத்துப்போனவை. "அப்படி ஒரு ஆளே இங்கே இல்லை" என்று ஒவ்வொரு சர்வரும் சொன்ன தகவல் எங்களுக்கு வராமல் நேரே அவர் பெட்டியில் போய்க் குவிந்திருக்கிறது. நாங்கள் பயன்படுத்திய மெயில் நூலகம், தனியாகச் சொல்லாவிட்டால் ஃப்ரம்மில் இருக்கும் முகவரியையே உறை முகவரியாகவும் (சேராத மடல் பற்றிய தகவல் திரும்பி வரும் முகவரி) எடுத்துக்கொள்ளும். எனக்கு அது தெரியாது. பெரும்பாலான நூலகங்கள் இன்றும் அப்படித்தான் செய்கின்றன, உங்களுடையதையும் பாருங்கள்.

ஒரு மெயிலில் அனுப்புநர் என்று சொல்லத்தக்க இடம் ஒன்றல்ல, நான்கு. சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது 'மெயில் ஃப்ரம்' என்று ஒரு முகவரி சொல்லப்படுகிறது. அதுதான் உறை முகவரி. பெறுபவர் பக்கம் அது ரிட்டர்ன்-பாத் என்ற வரியாகப் பதிவாகும், திரும்பி வரும் பவுன்ஸ் எல்லாம் அங்கேதான் போகும். மடலுக்குள்ளே கண்ணுக்குத் தெரிவது ஃப்ரம். பதில் எங்கே போகவேண்டும் என்பது ரிப்ளை-டு. எழுதியவர் ஒருவர், அனுப்பி வைத்தவர் வேறொருவர் என்றால் செண்டர் என்று இன்னொரு வரி.

இந்த செண்டர் வரிதான் பலரை ஏமாற்றுகிறது. மெயில் வடிவத்துக்கான இணைய விதி ஆவணமான ஆர்.எஃப்.சி 5322-ல் அதற்குக் கொடுத்திருக்கும் உதாரணம் ஒரு செயலாளர்: அதிகாரி எழுதியதைச் செயலாளர் அனுப்பினால் ஃப்ரம்மில் அதிகாரி, செண்டரில் செயலாளர். படித்தவுடன் "அட, நம் கதை இதுதானே! ஃப்ரம்மில் பயனர், செண்டரில் நாம்" என்று தோன்றும். காகிதத்தில் சரி. ஆனால் டிமார்க் என்று ஒன்று உண்டு: தன் டொமைன் (முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பகுதி) பெயரில் வரும் மடல் சோதனையில் தேறாவிட்டால் என்ன செய்யவேண்டும் என்று அதன் உரிமையாளர் அறிவிக்கும் கொள்கை. 2014 ஏப்ரலில் யாகூ தன் கொள்கையை 'ரிஜெக்ட்' (ஏற்காதே) என்று மாற்றியது, அதே மாதம் ஏ.ஓ.எல்லும் மாற்றியது. அன்றோடு அந்த வழி அடைபட்டது. டிமார்க் செண்டர் வரியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அது கேட்பது ஒன்றே ஒன்று: ஃப்ரம்மில் இருக்கும் டொமைனும், எஸ்.பி.எஃப் அல்லது டீகிம் உறுதிசெய்த டொமைனும் ஒன்றா?

எஸ்.பி.எஃப் என்பது, இந்த டொமைனின் பெயரில் எந்தெந்த ஐ.பி முகவரிகள் (சர்வர்களின் எண் முகவரிகள்) அனுப்பலாம் என்று டி.என்.எஸ் என்ற இணையப் பெயர்ப் பதிவேட்டில் போட்டுவைக்கும் பட்டியல். அது சரிபார்ப்பது உறை முகவரியைத்தான், ஃப்ரம்மை அல்ல. டீகிம் என்பது மடலின் உள்ளடக்கத்துக்கும் முக்கியமான ஹெடர்களுக்கும் (ஃப்ரம் போன்ற தலைவரிகள்) போடும் டிஜிட்டல் கையொப்பம். யாகூவின் பட்டியலில் உங்கள் ஐ.பி இருக்காது, யாகூ பெயரில் கையொப்பமிடும் சாவியும் உங்களிடம் இருக்காது. அப்புறம் எந்த முகத்தோடு யாகூ பெயரில் அனுப்புவது? ஜிமெயில் முகவரியை இப்படிப் போட்டால் சில இடங்களில் தப்பித்துப் போகும், சில இடங்களில் ஸ்பாமில் விழும். தன் முகவரிகளைப் போல வேடம் போடாதீர்கள் என்று கூகுளே அனுப்புநர்களுக்கான விதிகளில் எழுதி வைத்திருக்கிறது. சிலருக்கு ஸ்பாம், சிலருக்கு ஒன்றுமே இல்லை என்ற உங்கள் மர்மத்துக்கு அநேகமாக இதுதான் விடை. பவுன்ஸ் பதிவுகளில் 5.7.26 என்ற எண் கிடக்கிறதா என்று தேடுங்கள். ஜிமெயில் இந்தக் காரணத்துக்காகத் திருப்பும்போது சொல்லும் எண் அது. 5.1.1 என்றால் வேறு விஷயம், அந்த முகவரியே இல்லை என்று அர்த்தம்.

இப்போது நான் அனுப்பும் முறை இது. (நிஜத்தில் ஹெடர் பெயர்களும் முகவரிகளும் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும், படிக்க வசதியாகத் தமிழில் எழுதுகிறேன்.)

ரிட்டர்ன்-பாத்: பவுன்ஸ்+8841@மெயில்.நம்செயலி
ஃப்ரம்: "கயல்விழி (நம்செயலி வழியாக)" <அழைப்பு@மெயில்.நம்செயலி>
ரிப்ளை-டு: கயல்விழியின் சொந்த முகவரி
ஆட்டோ-சப்மிட்டட்: ஆட்டோ-ஜெனரேட்டட்

கயல்விழி என்பது அழைக்கும் பயனர். பெயர் அவருடையது, முகவரி நம்முடையது, பதில் அவருக்கு, பவுன்ஸ் நமக்கு. 8841 என்பது அந்த அழைப்பின் எண். எது திரும்பி வந்தாலும் யாருக்கு அனுப்பியது என்று பவுன்ஸ் மடலைப் பிரித்துப் படிக்காமலே தெரிந்துவிடும். 'வழியாக' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். தெரிந்த பெயரும் தெரியாத முகவரியும் சேர்ந்து வந்தால் அலுவலக மெயில் சர்வர்கள் ஆள்மாறாட்டம் என்று சந்தேகப்படும், அந்தச் சந்தேகத்தில் நியாயமும் உண்டு.

பெயர் தமிழில் இருந்தால் இன்னொரு சிக்கல். ஹெடரில் ஆஸ்கி (ஆங்கில எழுத்து, எண், குறிகள்) தவிர்த்த எழுத்துகளைக் குறியாக்கம் செய்துதான் போடவேண்டும், ஒரு துண்டு 75 எழுத்துக்குமேல் போகக்கூடாது. யூ.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். மேலே உள்ள பெயர் அடைப்புக்குறி, இடைவெளி எல்லாம் சேர்த்து 70 பைட், பேஸ்64 என்ற ஆஸ்கி வடிவமாக ஆக்கினால் 96 எழுத்து. ஒரே துண்டில் அடங்காது. இரண்டாக வெட்டும்போது ஒரு குறியின் 3 பைட்டுகளுக்கு நடுவே கத்தி விழுந்தால் பெயரின் நடுவில் கட்டம் கட்டமாகத் தெரியும். நல்ல நூலகங்கள் இதைப் பார்த்துக்கொள்ளும். கையால் ஹெடர் கட்டுகிறவர்கள்தான் மாட்டுவார்கள். அவர்களுக்கு இன்னொன்றும்: பயனர் தட்டிய பெயரில் வரிமுறிப்பு இருந்தால் அதைத் தூக்கி எறியுங்கள். ஒரு புது வரி உள்ளே நுழைந்தால் அதன் பின்னாலேயே ஒரு பி.சி.சி வரியும் (மறைவாகச் சேர்க்கும் பெறுநர்கள்) நுழையும், உங்கள் சர்வர் ஊருக்கெல்லாம் ஸ்பாம் அனுப்பத் தொடங்கிவிடும்.

பயனரின் சொந்த முகவரியை மற்றவருக்குக் காட்ட விருப்பமில்லை என்றால் ரிப்ளை-டுவில் நீங்களே உருவாக்கிய, ஊகிக்க முடியாத ஒரு முகவரியைப் போட்டு, வரும் பதிலை வாங்கி அவருக்கு அனுப்பலாம். அப்போது விடுமுறைப் பதில்களைக் கவனியுங்கள். "நான் திங்கள்வரை இல்லை" என்ற தானியங்கி மடலை நீங்கள் அடுத்தவருக்கு அனுப்ப, அவருடைய தானியங்கி திரும்பப் பதில் சொல்ல, விடிய விடிய இருவரும் இல்லாத இடத்தில் இரண்டு எந்திரங்கள் பேசிக்கொண்டிருக்கும். வரும் மடலில் ஆட்டோ-சப்மிட்டட் (எந்திரம் அனுப்பியதா என்று சொல்லும் வரி) இருந்து, அதன் மதிப்பு 'நோ' என்பது தவிர வேறு எதுவாக இருந்தாலும் அதை மேலே அனுப்பாதீர்கள்.

அடுத்தது ஃபார்வர்டிங். உங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் மெயில் காணாமல் போவது பெரும்பாலும் இங்கேதான். கல்லூரி முகவரிக்கு அனுப்புகிறீர்கள், அவர் அதை அப்படியே தன் சொந்தப் பெட்டிக்குத் திருப்பி வைத்திருக்கிறார். கடைசிப் பெட்டியின் கண்ணுக்கு மடல் வருவது கல்லூரி சர்வரின் ஐ.பி-யிலிருந்து. அது உங்கள் பட்டியலில் இல்லை, எஸ்.பி.எஃப் தோற்கும். சில சர்வர்கள் உறை முகவரியைத் தங்கள் டொமைனுக்கு மாற்றி எழுதித் திருப்பும். அப்போது எஸ்.பி.எஃப் தேறும், ஆனால் தேறியது கல்லூரியின் டொமைன். ஃப்ரம்மில் இருப்பது உங்களுடையது. டிமார்க்குக்கு அதனால் பயனில்லை.

இந்த இடத்தில் காப்பாற்றுவது டீகிம் மட்டும்தான். கையொப்பம் மடலோடு ஒட்டிக்கொண்டே போகும், நடுவில் யாரும் கை வைக்காதவரை. ஆகவே உங்கள் சொந்த டொமைனின் பெயரிலேயே டீகிம் கையொப்பம் போடுங்கள். மெயில் சேவை நிறுவனம் தன் டொமைனில் போட்டுத்தருவது போதாது. நடுச் சர்வர் அடியில் "இது வெளியிலிருந்து வந்த மடல்" என்று ஒரு வரி சேர்த்தால் உள்ளடக்கம் மாறி அந்தக் கையொப்பமும் உடையும். அதற்கு ஆர்க் என்று ஒரு ஏற்பாடு, தன்னிடம் வந்தபோது சோதனைகளின் முடிவு என்ன என்று நடுச் சர்வர் முத்திரை வைப்பது, 2019-ல் வந்தது (ஆர்.எஃப்.சி 8617). ஆனால் அந்த முத்திரையை வைக்கவேண்டியது நடுவில் இருப்பவர், நம்பவேண்டியது கடைசியில் இருப்பவர். அனுப்பும் நம் கையில் எதுவும் இல்லை. பேசாமல் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு ஃபார்வர்ட் வைத்து உங்கள் மெயில் ஒன்றை அனுப்பிப் பாருங்கள். கடைசிப் பெட்டியில் மூல வடிவத்தைத் திறந்தால் அதெண்டிகேஷன்-ரிசல்ட்ஸ் என்று ஒரு வரி இருக்கும். எஸ்.பி.எஃப் ஃபெயில், டீகிம் பாஸ், டிமார்க் பாஸ் என்று இருந்தால் கவலையை விடுங்கள்.

இனி அழைப்புகள். சேரச் சொல்லி அனுப்பும் அழைப்பு என்பது, உங்களிடம் எதுவுமே கேட்காத ஒருவருக்கு நீங்கள் அனுப்பும் மெயில். இதை மறந்தவர்கள்தான் மாட்டுகிறார்கள். ஸ்பாம் அனுப்புகிறவர்களுக்கு அழைப்புப் படிவம் என்றால் வெல்லக்கட்டி. பெயர் என்ற கட்டத்தில் "பரிசு விழுந்திருக்கிறது, இங்கே சொடுக்கவும்" என்று எழுதி ஒரு இணைப்பையும் சேர்த்து, ஆயிரக்கணக்கானோரை 'அழைப்பார்கள்'. உங்கள் சர்வர், உங்கள் கையொப்பம், உங்கள் நல்ல பெயர், அவர்களுடைய சரக்கு. பெயர்க் கட்டத்தில் இணைப்பை அனுமதிக்காதீர்கள், புதுக் கணக்குக்கு நாளொன்றுக்கு இத்தனை அழைப்பு என்று வரம்பு வையுங்கள், பயனர் எழுதும் வாசகத்தைத் தலைப்பில் போடாதீர்கள். அழைப்புகளைத் தனித் துணை டொமைனிலிருந்து அனுப்புவது என் வழக்கம். யாராவது ஸ்பாம் என்று அழுத்தினால் கடவுச்சொல் மாற்றும் மெயிலும் சேர்ந்து அடி வாங்கக்கூடாது. ஜிமெயில் பெட்டிகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்கள் புகார் விகிதத்தை 0.3 சதவீதத்துக்குள் வைத்திருக்கவேண்டும் என்று கூகுள் 2024 பிப்ரவரியிலிருந்து கேட்கிறது. ஆயிரத்துக்கு மூன்று பேர். அழைப்பு மெயிலில் அந்த எண்ணைத் தொடுவது ரொம்பச் சுலபம்.

அழைப்பு இணைப்பைச் சொடுக்கியவுடனே 'ஏற்றுக்கொண்டார்' என்று பதிவு செய்துவிடாதீர்கள். பல அலுவலகங்களில் பாதுகாப்பு மென்பொருள், மனிதர் மெயிலைத் திறக்கும் முன்பே எல்லா இணைப்பையும் ஒரு தடவை திறந்து பார்க்கும். ஒருமுறை மட்டுமே செல்லும் இணைப்பு அதிலேயே செலவாகி, ஆள் வந்து சொடுக்கும்போது "காலாவதியாகிவிட்டது" என்று நிற்கும். இணைப்பு ஒரு பக்கத்தைத் திறக்கட்டும், அதில் இருக்கும் பொத்தான் ஏற்றுக்கொள்ளட்டும்.

காலண்டர் அழைப்புக்கு விதிகள் வேறு. 'வருகிறேன்' என்று அழுத்தினால் அந்தப் பதில் ரிப்ளை-டுவுக்குப் போகாது, மடலோடு போகும் ஐகேலண்டர் கோப்பில் (கூட்டத்தின் விவரம் அடங்கியது) ஆர்கனைசர், அதாவது ஏற்பாட்டாளர், என்று இருக்கும் முகவரிக்குப் போகும். அங்கே கயல்விழியின் முகவரி இருந்தால் யார் வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியும், உங்கள் செயலிக்குத் தெரியாது. உங்கள் முகவரி இருந்தால் பதில்களை வாங்கிப் படிக்கும் நிரல் உங்களிடம் இருந்தாகவேண்டும். இல்லையென்றால் அத்தனை 'வருகிறேன்'களும் ஆளில்லாத பெட்டிக்குள் விழும். நான் செயலியின் முகவரியைப் போட்டு, பெயரில் மட்டும் கயல்விழியைக் காட்டுகிறேன். நேரம் மாறினால் அதே யூ.ஐ.டி-யை (கூட்டத்தின் அடையாளம்) வைத்து, சீக்வென்ஸ் எண்ணை (எத்தனையாவது திருத்தம் என்பது) ஒன்று கூட்டி மறுபடி அனுப்பவேண்டும். யூ.ஐ.டி மாறினால் பழைய கூட்டமும் புதுக் கூட்டமும் இரண்டும் காலண்டரில் உட்கார்ந்திருக்கும். மெத்தட் ரிக்வெஸ்ட் ('இது அழைப்பு' என்ற குறிப்பு) என்பது கோப்புக்குள்ளேயும், மடலில் அந்தப் பகுதியின் வகையைச் சொல்லும் கண்டெண்ட்-டைப் வரியிலும் ஒன்றாக இருக்கவேண்டும், மாறினால் ஏற்கும் பொத்தானே வராமல் வெறும் இணைப்புக் கோப்பாகப் போய்விடும்.

காலண்டர் அழைப்பையும் ஃபார்வர்ட் செய்வார்கள். அப்போது நீங்கள் அழைக்காத ஒருவரிடமிருந்து "வருகிறேன்" என்று பதில் வரும். காலண்டர் அழைப்புகளுக்கான ஆர்.எஃப்.சி 5546 எழுதியவர்கள் இதையும் யோசித்து, அப்படிப்பட்டவருக்குப் 'பார்ட்டி கிராஷர்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள், அதாவது நம் அழையா விருந்தாளி. சேர்ப்பதா வேண்டாமா என்பதை ஏற்பாட்டாளர் முடிவுக்கே விட்டிருக்கிறார்கள். என் செயலியில் பதிலின் முகவரி பட்டியலில் இல்லை என்றால் தானாகச் சேர்ப்பதில்லை. "இன்னார் வர விரும்புகிறார், சேர்க்கலாமா?" என்று கயல்விழிக்கு ஒரு மெயில் போகும்.