கடையில் வழுக்கி விழுந்தால்

பெங்களூருவில் கடை வேலை பார்க்கும் வாசகர்கள் கேட்டவை.

கே: சிக்பேட்டை ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை. ஈரம் காயாத படியில் வழுக்கி மணிக்கட்டு உடைந்துவிட்டது. "வீட்டு பாத்ரூமில் விழுந்ததாகச் சொல்லும்மா, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார் முதலாளி. சொல்லலாமா?

ப: சொல்லவே சொல்லாதீர்கள். அவர் நல்ல மனதோடுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்றாம் மாதம் பிசியோதெரபிக்குப் போகும்போது அந்த வாக்கு நிற்குமா? கணக்கைப் பாருங்கள். வீட்டில் விழுந்தால் இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீட்டில்) அது வெறும் நோய் விடுப்பு: சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள்தான். அதற்கும் ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாளாவது சந்தா போயிருக்க வேண்டும். வேலையில் விழுந்தால் 90 சதவீதம், கை தேறும்வரை. நேற்று சேர்ந்தவருக்கும் உண்டு. கை பழையபடி மடங்கவில்லை என்றால், மருத்துவக் குழு ஊன சதவீதம் போட்டு மாதாமாதம் உதவித்தொகை தரவும் வழியிருக்கிறது. ஆஸ்பத்திரியின் முதல் சீட்டில் "வீட்டில் விழுந்தார்" என்று ஏறிவிட்டால் அப்புறம் மாற்றுவது பெரும்பாடு.

கடையின் விபத்துப் பதிவேட்டில் நேரம், இடம், பார்த்தவர் பெயர் எல்லாம் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் இன்றைக்கே சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் நடந்ததை அனுப்பிவிடுங்கள், படியின் போட்டோவோடு.

கே: போனைப் பார்த்துக்கொண்டே நடந்து அட்டைப்பெட்டியில் தடுக்கி விழுந்தேன். தப்பு என்னுடையதுதானே?

ப: இருக்கட்டும். கவனக்குறைவைக் காட்டி இ.எஸ்.ஐ. பணத்தை நிறுத்துவதில்லை. அந்தப் பெட்டி நடைபாதையில் ஏன் கிடந்தது என்பதும் ஒரு கேள்விதான்.

கே: மால் கடையில் காண்ட்ராக்ட் வேலை. இ.எஸ்.ஐ. பதிவே இல்லை என்று விழுந்த பிறகுதான் தெரிந்தது.

ப: 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடை, உங்கள் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால், பதிவு செய்யாதது அவர்கள் குற்றம். உங்களுக்கு உரியதைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்க இ.எஸ்.ஐ.க்கு அதிகாரம் உண்டு. காண்ட்ராக்டர் கைவிரித்தால் கடைக்காரர்தான் பொறுப்பு. சம்பளம் வரவான வங்கிக் கணக்கு, அடையாள அட்டை, ஷிப்ட் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள்.

கே: வேலைக்கு வரும் வழியில் பைக் சறுக்கினால்?

ப: நேர்வழியில் வந்திருந்தால் அதுவும் வேலை விபத்துதான்.

கே: அல்சூரில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். பையன்கள் விழாமல் இருக்க?

ப: நடைபாதையைப் பாதிப் பாதியாகத் துடையுங்கள், காய்ந்த பாதியில் ஆள் நடக்கட்டும். எண்ணெய் சிந்தினால் முதலில் மரத்தூள், பிறகுதான் தண்ணீர். மேல்தட்டுச் சரக்கு எடுக்க அந்த பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டாம், ஏணி வாங்குங்கள்.