காமிக்ஸின் புதிய இதழ் வந்தால் ரசிகர்கள் ஏன் இப்படிக் கொந்தளிக்கிறார்கள்? வெறும் படக்கதைதானே?

‘வெறும் படக்கதைதானே’ என்று முடித்திருக்கிறீர்கள் பாருங்கள், அந்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. அந்த இரண்டு சொல் இல்லாவிட்டால் பேசாமல் கடந்து போயிருப்பேன்.

உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. வீட்டில் யாரோ ஒருவர், கணவரோ தம்பியோ மகனோ, ஒரு புதன்கிழமை இரவு கைப்பேசியைப் பார்த்துவிட்டு ‘கெடுத்துவிட்டார்கள், எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார்கள்’ என்று கத்தியிருப்பார். நீங்கள் என்னவோ ஏதோ என்று அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்திருப்பீர்கள். விசாரித்தால், அமெரிக்காவில் ஒரு முகமூடிக்காரன் செத்துப்போனான் என்பார். புதன்கிழமை என்று நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம், அங்கே புதிய இதழ்கள் பெரும்பாலும் புதன்கிழமைதான் கடைக்கு வரும். எங்கள் வீட்டில் புதன்கிழமைக்கு ஒரு தனி பயமே உண்டு.

என் கதையைச் சொல்கிறேன். கேள்விக்குப் பதில் அதற்குள் இருக்கிறது. இல்லாவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

நான் வளர்ந்தது கன்னியாகுமரி மாவட்டத்தில், திருவட்டாறுக்கும் குலசேகரத்துக்கும் இடையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே. எண்பதுகளின் நடுப்பகுதி, எட்டாம் வகுப்பு. கையில் காசு கிடையாது, ஆனால் ஒட்டுப்பால் உண்டு. தெரியாதவர்களுக்காக: விடியுமுன் மரத்தைக் கீறிவிட்டுப் போவார்கள், பால் சிரட்டையில் சொட்டும், வெயில் ஏறுமுன் வாளியில் ஊற்றி எடுத்துவிடுவார்கள். சிரட்டையின் அடியிலும் மரத்தின் கீறலிலும் ஒட்டிக் காய்ந்து கிடக்கும் மிச்சம்தான் ஒட்டுப்பால். நுனியைப் பிடித்து இழுத்தால் நாடா போல உரிந்து வரும். அதை உருட்டிப் பந்தாக்கிச் சாக்கில் சேர்த்து வைத்து விற்பார்கள். பாட்டாவின், அதாவது தாத்தாவின், சாக்கிலிருந்து மாதத்துக்கு நான்கைந்து உருண்டைகள் காணாமல் போயின. எலி கொண்டுபோகிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். எலி ரப்பர் தின்னாது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? எந்த எலி என்று தெரிந்துதான் சொல்லியிருக்கிறார் என்பது எனக்குப் பின்னாளில்தான் உறைத்தது.

அந்த உருண்டைகள் குலசேகரத்தில் ஒரு பெட்டிக்கடையில் காமிக்ஸாக மாறின. ஒட்டுப்பால் பிடித்த கைக்கு எந்தச் சோப்புப் போட்டாலும் புளித்த நாற்றம் போகாது. என் இதழ்கள் எல்லாவற்றிலும் அச்சு மையின் மணத்துக்கு மேலே அந்த நாற்றம் ஏறி இருக்கும். இன்றைக்கும் பெட்டியைத் திறந்தால் லேசாக இருக்கிறது. என் மனைவி அதைப் பிரமை என்கிறாள்.

இடையில் ஒன்று. எங்கள் மாவட்டத்தில் ‘மாயாவி’ என்றால் எந்த மாயாவி என்று திருப்பிக் கேட்க வேண்டும். முத்து காமிக்ஸ் 1972இல் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி ஒருவன். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் அலையும். மலையாளப் பாலரமாவில் வரும் குட்டி மாயாவி இன்னொருவன். களியக்காவிளை தாண்டி வருகிற பஸ்ஸில் அவனும் வந்துவிடுவான். போதாக்குறைக்கு ராணி காமிக்ஸ் பிற்பாடு ஃபேன்டமுக்கும் மாயாவி என்றே பேர் வைத்தது. நான் இந்த மூவருக்கும் ஆள் இல்லை. நான் ஸ்பைடர் கட்சி.

சிலந்தி மனிதனைச் சொல்லவில்லை. அவன் வேறு, இவன் வேறு. இவன் 1965இல் பிரிட்டனில் ‘லயன்’ என்ற வார இதழில் பிறந்தவன். நம்மிடம் 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் வழியாக வந்தான். கறுப்பு உடை, கூரான காது, வலைத் துப்பாக்கி, ஹெலிகார் என்ற பறக்கும் வண்டி. முக்கியமான விஷயம், இவன் நல்லவன் இல்லை. உலகத்துக் குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாக வேண்டும் என்பதுதான் இவன் ஆசை. ‘இவன் எப்படி சூப்பர்ஹீரோ ஆவான்’ என்று ஒருவர் பின்னூட்டம் எழுதத் தொடங்கியிருப்பார். கொஞ்சம் பொறுங்கள் ஐயா, ஆகிவிட்டான், அதுதான் என் புகாரே.

ஒரு இதழில் ஸ்பைடர் திருந்திவிட்டான். நியூயார்க் நகரத்தையே ஆட்டிவைத்தவன், சட்டத்தின் பக்கம் நின்று குற்றவாளிகளைப் பிடித்துக் கொடுக்கிறான். ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்து படித்துவிட்டு, கடைசிப் பக்கம் தவறி அச்சாகிவிட்டதோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அன்று இரவு கிழங்கும் மீனும் இறங்கவில்லை. திருந்து திருந்து என்று பள்ளியில் சொன்னார்கள், கோயிலில் சொன்னார்கள், வீட்டில் சொன்னார்கள். எனக்காகத் திருந்தாமல் இருந்தவன் ஒருவன்தான். அவனையும் திருத்திவிட்டார்கள்.

15 காசு அஞ்சலட்டை வாங்கி ஆசிரியருக்கு எழுதினேன். இடம் போதவில்லை. எழுத்தைப் பொடியாக்கினேன், அப்படியும் போதவில்லை. முகவரிப் பக்கத்துக்குத் தாவினேன். முடிக்கும்போது, சிவகாசி என்ற சொல்லின் மேலேயே ‘துரோகம்’ என்ற சொல் ஏறி உட்கார்ந்திருந்தது. அஞ்சலட்டையில் என்ன ரகசியம்? தபால்காரர் தேநீர்க்கடை வாசலில் நின்று முழுவதையும் படித்துவிட்டு, என்னைப் பார்த்ததும் கேட்டார்: “எடே, இந்த ஸ்பைடர் யார்? உங்களுக்குச் சொந்தமா?”

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நான் ஓடிவிட்டேன். ஆனால் இத்தனை ஆண்டுகளில் உங்கள் கேள்விக்கு நான் கேட்ட சரியான பதில் அந்தக் கிண்டல்தான். ஆமாம், சொந்தம்தான்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களுக்கு வந்திருக்கிறீர்களா? சிறுபயறு பாயசத்தில் பப்படத்தை நொறுக்கி, பழத்தைப் பிசைந்து சாப்பிடுவோம். எங்கோ ஒரு பந்தியில் ஒருவர் இலையை மூடிவிட்டு எழுந்து போவார், தனக்குப் பப்படம் வைக்காமல் போய்விட்டார்கள் என்று. அவர் யார்? மாப்பிள்ளையின் மாமனாகவோ பெண்ணின் சித்தப்பனாகவோ இருப்பார். ரோட்டில் போகிறவன் யாராவது பப்படத்துக்காகக் கோபித்துக்கொள்வானா? கோபித்துக்கொள்ளவும் ஒரு பாத்தியதை வேண்டும். மாதாமாதம் காசு கொடுத்து, ஒளித்துப் படித்து, அடி வாங்கி, நாற்பது வயதிலும் பெட்டியில் வைத்திருப்பவனுக்கு அந்தப் பாத்தியதை வந்துவிடுகிறது. சட்டப்படி ஒன்றும் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். சித்தப்பனுக்கு மட்டும் சட்டப்படி என்ன இருக்கிறது?

என் கடிதம் போய்ச் சேர்ந்திருக்காது. அந்த முகவரியை எந்தத் தபால் நிலையத்தாலும் படித்திருக்க முடியாது, தப்பு என் மேல்தான். ஆனால் ஒன்றிரண்டு மாதம் கழித்து, வாசகர் கடிதப் பகுதியில் எங்கள் ஊர்ப் பேர் வந்தது. எழுதியவர் என் பெரியப்பா மகன். “ஸ்பைடர் திருந்தியது நல்ல திருப்பம். அட்டைப்படம் அருமை.” இவ்வளவுதான் கடிதம். அண்ணன் அந்த இதழைப் படிக்கவே இல்லை! என் கையிலிருந்து வாங்கி அட்டையைப் பார்த்தார், நான் புலம்பியதைக் கேட்டார், கொடுத்துவிட்டார். ஊரில் ஒருவன் சாப்பிடாமல் கிடக்க, அட்டை பார்த்தவனின் கருத்து ஊரின் கருத்தாக அச்சில் நிற்கிறது. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை. சிறுபிள்ளைத்தனம் என்று சொல்வீர்கள், சொல்லுங்கள்.

பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது, ஸ்பைடர் நல்லவனான காலத்தில் அந்தக் கதைகளை எழுதிக்கொண்டிருந்தவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். அதுவும் அறுபதுகளில் எழுதியது. இருபது ஆண்டுகளுக்கு முன்பே பிரிட்டனில் முடிந்துபோன விஷயத்துக்காக, சூப்பர்மேனைப் படைத்த மனிதருக்குக் கதை எழுதத் தெரியவில்லை என்று குலசேகரத்திலிருந்து சிவகாசிக்கு அஞ்சலட்டை போட்டிருக்கிறேன். கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

‘ரசிகர்களிடமே கேட்டுவிட்டால் சண்டை வராதே’ என்று நினைப்பீர்கள். அதையும் செய்து பார்த்தார்கள். 1988இல் பேட்மேனின் துணைவன் ராபின், அதாவது இரண்டாவது ராபின் ஜேசன் டாட், சாக வேண்டுமா பிழைக்க வேண்டுமா என்று தொலைபேசி வாக்கெடுப்பு வைத்தார்கள். ஒரு அழைப்புக்கு 50 சென்ட். சாகட்டும் என்று 5,343, பிழைக்கட்டும் என்று 5,271. வித்தியாசம் 72. எங்கள் ஊராட்சி வார்டுத் தேர்தலில்கூட 72 ஓட்டில் தோற்றவர் மறு எண்ணிக்கை கேட்பார். அந்தப் பையனுக்கு அதுவும் இல்லை, அடுத்த இதழில் செத்துப்போனான். பிழைக்கட்டும் என்று காசு செலவழித்துக் கூப்பிட்டவர்களின் வீட்டில் போய் ‘வெறும் படக்கதைதானே’ என்று சொல்லிப் பாருங்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே வந்து என்னை உரிப்பார்கள். கோபம் வேறு, மிரட்டல் வேறு. 2012 கடைசியில் வந்த அமேசிங் ஸ்பைடர்மேன் 700ஆவது இதழில், வில்லன் டாக்டர் ஆக்டோபஸ், ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரின் உடம்பைக் கைப்பற்றிக்கொள்கிறான். அதற்காக எழுத்தாளருக்குக் கொலை மிரட்டல் விட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பந்தியில் இலையை மூடுவது ஒரு ரகம், சமையல்காரரை அடிக்கப் போவது இன்னொரு ரகம். இரண்டையும் ஒரே தராசில் வைத்து ‘காமிக்ஸ் ரசிகர்களே இப்படித்தான்’ என்று எழுதுகிறவர்கள் மேல்தான் எனக்கு எரிச்சல்.

எரிச்சல் என்றதும் இன்னொன்று. இப்போதெல்லாம் கடையில் காமிக்ஸ் கிடைப்பதில்லை, சந்தா கட்டி வரவழைக்கிறேன். எங்கள் பக்கத்துக்குப் பொட்டலம் கொண்டுவரும் கூரியர் கிளை ஒன்று இருக்கிறது, பேர் வேண்டாம். நான் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே ‘முகவரியில் ஆள் இல்லை’ என்று கைப்பேசிக்குச் செய்தி வரும். நேரில் வாங்கிக்கொள்ளுங்கள் என்பார்கள். போனால், ஒழுகும் ஓட்டுக்குக் கீழே பொட்டலங்களை அடுக்கி வைத்திருப்பார்கள். இந்த மாவட்டத்தில் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. நல்ல தாளில் வண்ணத்தில் வருகிற புத்தகம், பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பூட்டிய கதவு போல வந்து சேரும். இழுத்துப் பிரித்தால் கதாநாயகனின் மூக்கு எதிர்ப்பக்கத்து வில்லன் முகத்தில் இருக்கும். புகார் சொன்னால், ‘புத்தகம்தானே சார், காயவைத்தால் சரியாகிவிடும்’ என்கிறார்கள். இந்த ‘தானே’ இருக்கிறதே!

சரி, புதன்கிழமைக்கு வருகிறேன். 2023 மே 31. என் மகள் கல்லூரியில் படிக்கிறாள், மிஸ் மார்வெல் ரசிகை. மிஸ் மார்வெல் என்றால் கமலா கான். ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண், 2014 முதல் தனக்கென்று ஒரு தொடர் உள்ளவள். வெளியே கிளம்பினால் அம்மா ‘எங்கே போகிறாய், யாரோடு போகிறாய்’ என்று கேட்கிற சூப்பர்ஹீரோயின் அவள் ஒருத்திதான் என்பது மகளின் வாதம். அதைவிட முக்கியம், கமலாவே ஒரு ரசிகை. மற்ற சூப்பர்ஹீரோக்களை வைத்துத் தானே கதை எழுதுகிறவள்.

அமேசிங் ஸ்பைடர்மேன் 26ஆவது இதழில் கமலாவைக் கொன்றுவிட்டார்கள். இதழ் வருவதற்கு முன்பே செய்தி கசிந்துவிட்டது. மகள் நம்பவில்லை, தானே படித்துவிட்டுத்தான் எழுந்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தவள் தட்டைத் தொடவில்லை.

“அவள் புத்தகத்தில்கூடச் சாகவில்லை அப்பா. இன்னொருவன் புத்தகத்தில், இன்னொருத்தியின் உருவத்தை எடுத்துக்கொண்டு, குத்துப்பட்டுச் செத்திருக்கிறாள். அவன் அழுவதற்காக.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “விடு மக்களே, படக்கதைதானே” என்றேன். நானேதான் சொன்னேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “போன கிறிஸ்துமஸுக்குப் பெரியப்பா வந்திருந்தபோது, அட்டைப்படம் அருமை என்று 37 வருஷத்துக்கு முன்பு எழுதியதற்காக அவரிடம் எவ்வளவு நேரம் சண்டை போட்டீர்கள்?”

மனைவி சிரித்துக்கொண்டே அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் மீன் முள் எடுப்பதில் கவனமாக இருந்தேன்.

கமலா ஜூலையிலேயே உயிரோடு வந்துவிட்டாள். எங்கள் பக்கத்துக் கணக்குப்படி நாற்பத்தொன்றாம் நாள் நினைவு முடித்துப் பந்தல்காரனுக்குப் பணம் கொடுத்த கையோடு. மகளுக்கு அதிலும் சந்தோஷம் இல்லை. ‘திருப்பிக் கொண்டுவருவதற்காகவே கொன்றார்கள் என்றால் எங்கள் அழுகைக்கு என்ன மரியாதை’ என்று ஆரம்பித்து ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பதிவு எழுதினாள். எழுத்து வரம்பு தாண்டி, மீதியை அடுத்த பதிவில், அதற்கும் மீதியை அதற்கடுத்த பதிவில் போட்டிருந்தாள். எனக்கு அனுப்பினாள். மூன்றையும் வரி விடாமல் படித்தேன். இதழின் அட்டையோடு சேர்த்து அவள் பெரியப்பாவுக்கும் அனுப்பியிருக்கிறாள்.

அண்ணனிடமிருந்து இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது: “அட்டைப்படம் அருமை மக்களே.”